பச்சைக் கட்டம்

"இன்னிக்கும் சிவப்பு வந்துதுன்னா, வயரிங் வாத்தியாரை வீட்டுக்கு அனுப்பிட வேண்டியதுதாம்மா" என்றார் மேலாளர்.

உதவியாளர் பெண் கணினியிலிருந்து சட்டென்று திரும்பினாள்.

"சார், நல்லாச் சொல்லித் தர்றார்னு பசங்க சொல்றாங்களே?"

"பசங்க சொல்வாங்க. கேமரா சொல்லணுமே!"

அந்த ஆன்லைன் பயிற்சி நிறுவனத்தில் புதிதாக ஒரு மென்பொருள் வந்திருந்தது. படிப்பவர் கண் திரைமேல் இருந்தால் அவர் முகத்தைச் சுற்றிப் பச்சைக் கட்டம். பார்வை விலகினால் சிவப்பு. மேலாளருக்கு அது பெற்ற பிள்ளை மாதிரி. அதற்காகவே இன்னொரு சட்டமும் போட்டிருந்தார். வகுப்பு முடியும்வரை மாணவர்கள் பேசவும் முடியாது, எழுதிக் கேட்கவும் முடியாது. கவனம் சிதறுமாம்!

இவ்வளவு செய்தும் வயரிங் வகுப்பு என்றாலே திரை முழுக்கத் தக்காளிக் கூடையைக் கவிழ்த்த மாதிரி இருக்கும்.

வகுப்பு தொடங்கியது. வாத்தியார் கையில் ஒரு ஸ்விட்ச் போர்டைப் பிடித்துக்கொண்டு, அதையே கொஞ்சுகிற மாதிரி பார்த்தபடி பேச வாயெடுத்தார்.

"சத்தத்தை நிறுத்தும்மா, எனக்கு நாலு போன் பேசணும். கட்டம் தெரிஞ்சா போதும்" என்றார் மேலாளர் உடனே.

உதவியாளர் ஸ்பீக்கரை அணைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு கட்டம் பச்சையானது. அப்புறம் அதன் பக்கத்துக் கட்டம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மொத்தத் திரையும் வயல் மாதிரி ஆகிவிட்டது.

மேலாளர் போனைக் கீழே வைத்தார். "ஏம்மா, மெஷின் கெட்டுப்போச்சா?"

"இல்லை சார். நூத்துக்கு நூறு காட்டுது!"

"அட, கண்ணைக்கூடச் சிமிட்டலையே! அங்கே பாரு, கையை வேற ஆட்டறாங்க. கேள்வி கேக்கத் துடிக்கறாங்கம்மா!"

மென்பொருள் அதையும் கவனித்து, 'உற்சாகம்: மிக அதிகம்' என்றது. வாத்தியாரும் ஒருமுறை நிமிர்ந்து, சிரித்து, பதிலுக்குக் கையாட்டிவிட்டு மறுபடி ஸ்விட்ச் போர்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

வகுப்பு முடிகிற நேரம். மேலாளரே திரையில் தோன்றினார். உதவியாளர் ஸ்பீக்கரைப் போட்டு, மாணவர்களின் மைக்குகளையும் திறந்துவிட்டாள்.

"வாத்தியாரே! முதல்லேருந்து கடைசி வரைக்கும் கேட்டேன். ஒரு வார்த்தை விடலை. அப்படியே சொக்கிப் போயிட்டேன் போங்க!"

மாணவர்களின் புருவங்கள் உயர்ந்தன.

"இன்னும் ஒரு வருஷத்துக்கு இந்த வகுப்பு உங்களுக்குத்தான். எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டார். உதடு அசைந்தது. பேச்சு வரவில்லை.

"பாவம், சந்தோஷத்துல மனுஷனுக்கு வாயடைச்சுப் போச்சு" என்று மேலாளரும் நெகிழ்ந்தார். பிறகு, டைல்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் ஒரு மாணவியைப் பார்த்துக் கேட்டார்.

"நீ சொல்லும்மா. தினமும் எங்கேயோ பராக்குப் பார்ப்பீங்க. இன்னிக்கு மட்டும் எப்படி எல்லாரும் கண்கொட்டாம பார்த்தீங்க?"

அவள் வாத்தியாரின் ஈரக் கண்களை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"ஒரு வருஷம் உறுதிதானே சார்?"

"நான் சொன்னா சொன்னதுதான்!"

"அப்படின்னா சொல்றேன் சார். தினமும் அவர் சொல்றதை ஒண்ணு விடாம குனிஞ்சு எழுதிக்கிட்டிருப்போம். இன்னிக்கு அவர் மைக்கை ஆன் பண்ணவே மறந்துட்டார். எழுத ஒண்ணும் இல்லை. கையைக் கையை ஆட்டிப் பார்த்தோம், கவனிக்கலை. சரின்னு அவர் வாயையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தோம். எங்க யாருக்கும் ஒரு வார்த்தைகூடக் கேக்கலை... உங்களுக்கு மட்டும் எப்படி சார் கேட்டுச்சு?"