வாளியில் மிஞ்சிய செருப்பு

லட்சத்தீவில் நானும் என் கணவர் லியோனார்டும் ஒரு படகைத் தனியாக வாடகைக்கு எடுத்தோம். ஸ்நார்கெல் மாட்டிக்கொண்டு கடலில் இறங்குகிறவர்களின் செருப்புகளைப் படகோட்டி ஒரு வாளியில் போட்டுவைப்பார். வாளி காலியானால்தான் கரைக்குத் திருப்புவார். அன்று நாங்கள் ஏறி எங்கள் செருப்புகளை மாட்டிய பிறகும் சின்னதாய் ஒரு மஞ்சள் ஜோடி வாளியில் கிடந்தது.

"எங்களோடது இல்ல" என்றோம்.

இரண்டு தடவை கேட்டுவிட்டு அவர் இன்ஜினைப் போட்டார்.

புனே திரும்பியதிலிருந்து தினமும் காலை ஏழேகாலுக்கு ஒரு ஸ்கூல் வேன் எங்கள் கட்டடத்தின் கீழே நின்று ஹாரன் அடித்தது. "ராங் அட்ரஸ், பாய்சாப்!" என்று லியோனார்ட் பால்கனியிலிருந்து கத்துவார். எங்களுக்குக் குழந்தை இல்லை.

நேற்று அந்த மஞ்சள் செருப்பு படகோட்டியிடமிருந்து கூரியரில் வந்தது.

"யாருதையோ நமக்கு அனுப்பியிருக்கான். வாட்ச்மேன்கிட்ட குடுத்துரு, கிருபா" என்றார் லியோனார்ட். நான் அதை எங்கள் செருப்புகளுக்குப் பக்கத்தில் வாசலில் வைத்தேன்.

இன்று வேன் டிரைவர் மாடியேறியே வந்துவிட்டார். எரிச்சலோடு வந்தவர் செருப்பைப் பார்த்ததும் சிரித்தார்.

"ஜெபிஷா ரெடியா, மேடம்?" என்று இந்தியில் கேட்டார்.

அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஜெபி, வேன் வந்தாச்சு, ஓடி வா!" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டேன்.