புரிகிற மாதிரி சொல்ல ஐந்து மார்க்

ஸ்டெதாஸ்கோப் சில்லென்று நெஞ்சில் வந்து உட்கார்ந்தது.

அவள் மூச்சை வெளியே விட்டு, அப்படியே பிடித்துக்கொண்டாள். யாரும் சொல்லவில்லை. பழக்கம்.

வருஷா வருஷம் பரீட்சைக்கு வருகிறவள்.

எழுத அல்ல. படுக்க.

இந்தப் பெரியாஸ்பத்திரியில் டாக்டருக்குப் படித்தவர்களில் பாதிப் பேர் அவள் நெஞ்சுச் சத்தத்தைக் கேட்டுத்தான் பாஸானார்கள். அவ்வளவு தெளிவான சத்தமாம். 'குட் கேஸ்' என்பார் பெரிய டாக்டர். சுற்றி நிற்கிறவர்கள் இங்கிலீஷில் பேசிக்கொள்வார்கள். அவளுக்கு மேலே, அவளைத் தாண்டி.

அவளிடம் சொன்னது ஒன்றுதான். மாத்திரையை நிறுத்தாதே, ஊசியைத் தள்ளிப்போடாதே.

நிறுத்தவில்லை. தள்ளிப்போடவும் இல்லை.

இந்தத் தடவை காலேஜ் பரீட்சை இல்லை, புதுசாக வேறு பரீட்சை. டாக்டர் லைசென்ஸ் வேண்டுமென்றால் பேப்பரில் டிக் அடித்தால் மட்டும் போதாதாம். நோயாளியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பார்த்ததை அந்த நோயாளிக்கே புரிகிற மாதிரி சொல்லவும் வேண்டும்.

அதற்கு ஐந்து மார்க்.

நோயாளியிடம் விவரம் கேட்கிற அறை வேறு, அங்கே வேறு நோயாளி. இங்கே பார்ப்பது, சொல்வது, அவ்வளவுதான்.

ரெஜினா சிஸ்டர் காலையிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார். "கடைசியா, சந்தேகம் இருக்கான்னு கேப்பாங்க. இல்லைன்னு சொல்லிரும்மா. எல்லாப் பிள்ளைங்களுக்கும் ஒரே பதில். ஒருத்தருக்கு ஒண்ணு, இன்னொருத்தருக்கு ஒண்ணுன்னு ஆச்சுன்னா கோர்ட்டுக்குப் போயிருவாங்க."

சரி என்றாள்.

முதல் ஆள் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றினான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவள் கண்ணைப் பார்த்தான்.

இதயத்துக்குள் கதவு மாதிரி ஒன்று இருக்கிறதாம். சின்ன வயசில் வந்த ஏதோ காய்ச்சலில் அது சுருங்கிப்போய்விட்டதாம். முழுசாகத் திறப்பதில்லையாம். குடத்தைத் தூக்கினால் மூச்சு வாங்குவது அதனால்தானாம்.

தலையாட்டினாள். நன்றாகத்தான் புரிந்தது.

"குழந்தை உண்டாகறதுக்கு முன்னாடியே இதைச் சரி பண்ணிடணும்மா. பண்ணாம உண்டானா உங்க உயிருக்கே ஆபத்து."

சிரித்த முகமாகச் சொன்னான். அதற்கும் மார்க் இருக்கும்போல.

சந்தேகம் இருக்கா என்றான்.

"இல்லை டாக்டர்."

மணி அடித்தது. பக்கத்துத் திரைக்குள் ஓடினான்.

அவள் வயிற்றின் மேல் கை வைக்கப் போனாள். வைக்கவில்லை.

மூன்று மாசம் முடியட்டும் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள், அவளும் அவள் புருஷன் தவசியும். நேற்றோடு முடிந்தது. சாயங்காலமே தெரு முழுக்கச் சொல்லிவிட்டான். இத்தனை வருஷம் கழித்து அல்லவா. இப்போது வராந்தாவில் நிற்கிறான். இந்நேரம் வாட்ச்மேனுக்கும் சேதி போயிருக்கும்.

அடுத்து ஒரு பெண். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். வயிற்றில் ஒன்று வளர்ந்தால் உடம்பில் ரத்தம் கூடும், அந்தச் சின்னக் கதவு தாங்காது என்றாள். கை கதகதப்பாக இருந்தது.

இல்லை டாக்டர்.

மணி.

அடுத்தவன் தாளில் படம் போட்டுக் காட்டினான். கதவு அழகாக இருந்தது.

இல்லை டாக்டர்.

மணி.

அதற்குப் பிறகு வந்தவர்கள் வேறு யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வது மாதிரி இருந்தது. பாவம் அவள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கை, கால் எல்லாம் எங்கேயோ தனியாகக் கிடந்தன.

கால்மாட்டில் பெரிய டாக்டர் உட்கார்ந்திருந்தார். மடியில் அட்டை. ஒவ்வொருவர் வாய் திறக்கும்போதும் பேனா நகர்ந்தது.

பிறகு ஒருத்தன் வந்தான்.

சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நம்பர் அட்டையைத் தலைகீழாக மாட்டியிருந்தான். கதவு என்று ஆரம்பித்தான், காய்ச்சலை விட்டுவிட்டான். குடத்துக்கு வரவே இல்லை. உயிருக்கு ஆபத்து என்பதை மட்டும் எப்படியோ சொல்லி முடித்தான். பேனா நகரவில்லை.

அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்பது மறந்துபோயிற்று என்று முகத்திலேயே எழுதியிருந்தது.

"யாரு கூடம்மா வந்தீங்க?"

இதற்கு ரெஜினா சிஸ்டர் பதில் சொல்லிக்கொடுக்கவில்லை.

"வீட்டுக்காரர் கூட. வெளிய நிக்கிறாரு."

அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை.

"அவர்கிட்ட என்னன்னு சொல்றது டாக்டர்? எனக்கு நாலாவது மாசம் நடக்குது."

அழவில்லை. பஸ் எப்போது வரும் என்று கேட்கிற குரலில்தான் கேட்டாள்.

அவன் பெரிய டாக்டரைத் திரும்பிப் பார்த்தான். பெரிய டாக்டர் அவள் வயிற்றைப் பார்த்தார். பிறகு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அவள் முகத்தை.

பேனாவை மூடி வைத்தார்.

பக்கத்துத் திரைக்குள் யாரோ யாருக்கோ சர்க்கரை வியாதியைப் புரிகிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மணி அடித்தது.

மணி அடித்ததும் ஓட வேண்டும். அடுத்த திரைக்குள் நேரத்துக்குப் போகாவிட்டால் அதோடு சரி, லைசென்ஸுக்கு மறுபடியும் எழுத வேண்டியதுதான். காலையில் மைக்கில் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

அவன் எழுந்தான். "அவர் பேரு என்னம்மா?"

"தவசி."

அடுத்த திரைப் பக்கம் போகவில்லை. எதிர்ப் பக்கம், வராந்தாவை நோக்கி நடந்தான். பெரிய டாக்டர் கூப்பிடவில்லை.

அதற்குள் இன்னொருத்தி உள்ளே வந்துவிட்டாள். வணக்கம் சொன்னாள். பேரைச் சொன்னாள். ஸ்டெதாஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி நெஞ்சில் வைத்தாள்.

படுத்திருந்தவள் காது அங்கே இல்லை.

வெளியே அவன் குரல் கேட்டது. இங்க தவசிங்கிறது யாருங்க?

"நான்தாங்க டாக்டர், நான்தான்."

செருப்பு தரையைத் தேய்த்துக்கொண்டு ஓடி வருகிற சத்தம். அந்தக் குரலில் நேற்றுச் சாயங்காலத்துச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.