இடம் காணாது

"அதிலை மட்டும் கை வைச்சுப் பார் லூர்த்து, நான் பிறகு மனுசனா இருக்கமாட்டன்!"

கிறகோரி கதிரையை விட்டு எழும்பிவிட்டார். கோபத்தில் குரல் பிசிறியது.

மேசையில் மடிக்கணினி திறந்து கிடந்தது. அதன் முன்னால் மகள் லவீனா. அவளுக்குப் பின்னால் இடுப்பில் கையை ஊன்றியபடி லூர்த்தம்மா.

"பிள்ளையின்ரை கொம்பியூட்டர் நிரம்பிப் போச்சு. இடம் காணாது. தேவையில்லாததுகளை அழிக்கத்தானே வேணும்?"

"தேவையில்லாதது எண்டு உனக்கு என்ரை மச் தானோ அம்பிட்டது?"

குருநகரில் கடலுக்குப் போகாத நாளெல்லாம் கிறகோரிக்கு மைதானம்தான். பதினாறு வருடம் தன் உதைபந்தாட்டக் கழகத்துக்காகக் கோலுக்கு நின்றவர். பழைய கசற்றுகளில் கிடந்த ஆட்டங்களைத் தேடிப் பிடித்து, மகளின் கணினியில் ஏற்றி வைத்திருந்தார்.

"எல்லாம் தோத்த மச் தானே. அதை வைச்சிருந்து என்ன செய்யப் போறியள்?"

"ஆர் தோத்தது? ரெண்டாயிரத்து நாலாம் ஆண்டு பைனலிலை பெனால்டி மூண்டு பிடிச்சனான். மூண்டு!"

"ரெண்டு எண்டுதான் யாகோப்பு அண்ணை சொன்னவர்."

"உவன் யாகோப்போ? உவன் அண்டைக்கு மைதானத்துப் பக்கமே வரேல்லை. கலியாண வீடொண்டிலை புரியாணி திண்டுகொண்டு இருந்தவன்! கேள், முதல் பந்து இடப் பக்கம் வந்தது..."

கிறகோரி வீட்டு நடுவில் இடப் பக்கம் பாய்ந்து காட்டினார். பிறகு வலப் பக்கம். மூன்றாவது பந்தைக் காலால் தட்டியதைச் சொல்லும்போது ஊர்ச் சனம் போட்ட சத்தத்தையும் தானே போட்டார். எல்லாம் முடியும் வரை லூர்த்தம்மா வாய் திறக்கவில்லை. முடிந்ததும், "பிள்ளை, அதை அழி," என்றாள்.

லவீனா ஒரு பொத்தானை அமத்தினாள்.

"எடியே, நெஞ்சிலை ஈரமில்லையோ உனக்கு!"

"அடுத்தது என்ன பிள்ளை கிடக்கு?"

"உங்கடை ரெண்டு பேற்றையும் கலியாண வீடியோ, அம்மா."

"அதையும் அழி."

கிறகோரி தலையில் கை வைத்தார்.

"எங்கடை கலியாணத்தையோ?"

"அதிலை நீங்கள் ஒரு இடத்திலையும் சிரிக்கேல்லை. பார்க்கிற ஆக்கள் என்னைக் கட்டாயத்திலை கட்டினதெண்டு நினைப்பினம்."

"சிரிக்க விட்டனியோ? கோயில் வாசலிலை வைச்சே, 'சேட்டுக் கொலரிலை ஊத்தை' எண்டு காதுக்குள்ளை சொன்னவள் நீ. பாதருக்குக் கேட்டிட்டுது! இருபத்தைஞ்சு வருசம் லூர்த்து, இருபத்தைஞ்சு வருசம் உன்ரை வாயோடை குடும்பம் நடத்தியிருக்கிறன். கறிக்கு உப்புக் கூடினாலும் நான்தான் பிழை, மழை பெய்தாலும் நான்தான் பிழை. வேறை ஒருத்தன் எண்டால் எப்பவோ வள்ளத்தோடை ஓடித் தப்பியிருப்பான்!"

"ஓடியிருக்கலாமே. ஆர் பிடிச்சது?"

"ஓடினால் ராவைக்கு ஆரோடை சண்டை பிடிக்கிறது?"

லூர்த்தம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள். லவீனா தலையைத் திருப்பிக் கண்ணைத் துடைத்தாள்.

"அம்மா, காணும். விடுங்கோ."

"நீ வாயை மூடிக்கொண்டு இரு பிள்ளை. அழி எண்டால் அழி."

மறுபடியும் பொத்தான். கிறகோரிக்கு இருமல் பிடித்துக்கொண்டது. இருமி முடிந்ததும் சுவரைப் பிடித்தபடி வாசலுக்கு நடந்தார்.

"நான் கிணத்தடிக்குப் போறன். திரும்பி வரேக்கை என்ரை சாமான் ஒண்டாவது மிச்சம் இருக்கோணும், சொல்லிப்போட்டன்!"

செருப்புச் சத்தம் தேய்ந்தது. லூர்த்தம்மா அப்போதுதான் கதிரையில் அமர்ந்தாள்.

"எவ்வளவு பிள்ளை?"

"நாற்பத்திரண்டு நிமிசம். எல்லாம் தெளிவாப் பதிஞ்சிருக்கு." லவீனா திரையின் மூலையைத் தொட்டுக் காட்டினாள். அங்கே ஒரு சிவப்புப் புள்ளி இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது. "அப்பாவின்ரை ஒண்டையும் நான் அழிக்கேல்லை, அம்மா. விடிய என்ரை கம்பஸ் நோட்ஸ், படங்கள் எல்லாத்தையும் தூக்கினதிலை வந்த இடமே இன்னும் கிடக்கு."

ஏதாவது பேசச் சொல்லிக் கைபேசியை முன்னால் நீட்டியபோதெல்லாம், 'நான் இன்னும் சாகேல்லை' என்று தட்டிவிட்டு வாயை இறுக்கிக்கொண்ட மனிதர் அவர்.

"அப்ப நிப்பாட்டாதை," என்றாள் லூர்த்தம்மா. "அந்தாள் வரட்டும், இன்னும் ஏதாவது அழிக்கிறன் எண்டு சொல்லுறன். செவ்வாய்க்கிழமை டொக்டர்மார் அவரின்ரை குரல்வளையை வெட்டி எடுக்கட்டும். என்னைப் பேசுற அந்தக் குரலை என்னட்டையிருந்து ஒருத்தராலையும் எடுக்கேலாது."