எவ்வளவு வெள்ளி

அருமைநாயகம் வெள்ளித் தண்ணீர் தயாரிக்கும் நேர்த்தியை எத்தனை முறை பார்த்தாலும் அவர் மனைவி செல்லத்தங்கத்துக்கு அலுக்காது. அவளுடைய கொலுசில் ஒன்றை உருக்கி இழுத்த இரண்டு கம்பிகளை, காய்ச்சி வடித்த தண்ணீரில் தொங்கவிட்டு, பேட்டரியை மாட்டி, கடிகாரம் பார்த்து நிறுத்துவார். பிறகு லேசர் விளக்கை அடிப்பார். வெறும் தண்ணீரில் கண்ணுக்கே தெரியாத சிவப்பு ஒளி, இதில் கரைந்த வெள்ளித் துகள்களில் பட்டு நூல் பிடித்ததுபோல் நிற்கும். கடைசியாக, வெள்ளி எவ்வளவு என்று காட்டும் மீட்டரை முக்குவார். பத்து காட்டினால்தான் குடிப்பார். பதினொன்று என்றால் வாஷ்பேசினில் கொட்டிவிடுவார். உடம்புக்கு நல்லதென்று மூன்று வருடமாகத் தினம் ஒரு தம்ளர். இப்படியொரு கணக்கான மனிதர் யாருக்கு வாய்ப்பார் என்று அவளுக்குப் பெருமை.

இன்று காலை ஜன்னல் வெயிலில் தம்ளரைத் தூக்கிப் பிடித்தார்.

"பாரு தங்கம், சரியா பத்து."

அவள் பார்த்தது தம்ளரைப் பிடித்திருந்த விரல்களை. நகங்களின் அடியெல்லாம் நீலம் பாய்ந்த சாம்பல் நிறமாக இருந்தது. உள்ளே போய், போடாமல் கறுத்துக் கிடந்த இன்னொரு கொலுசை எடுத்துவந்து அவர் நகத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள்.

"என்ன பார்க்குற?"

"இதோட ஜோடி எங்க போச்சுன்னு பார்க்குறேங்க."