மூன்றாவது பெட்டிக்கு ஒரு இயர்போன்

வண்டி வர இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. லிண்டெல்வா நாலாவது இயர்போனையும் காதிலிருந்து பிடுங்கிக் கடைப் பலகையில் போட்டாள்.

"கேக்குதுண்ணே. நல்லாவே கேக்குது."

க்வாமாஷு ரயில் ஸ்டேஷன் வாசலில் செலேயின் கடை என்பது ஒரு பலகையும் ஒரு பெரிய குடையும்தான். மற்ற நாளென்றால் இந்நேரம் ஏழெட்டு சார்ஜர் விற்றிருப்பார். இன்றைக்கு ஒன்றும் போகவில்லை. இந்தப் பெண் அவரைக் கத்த வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆமாம், கத்தத்தான். ஒவ்வொன்றாகக் காதில் திணித்துக்கொண்டு, "இப்போ கத்துங்க" என்பாள். சர்ச் பக்கமே போகாத செலே, கூச்சத்தோடு ஒரு அல்லேலூயா போடுவார். அவள் உதட்டைப் பிதுக்குவாள். மினிபஸ் வரிசையில் நின்றவர்கள் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

எல்லாம் பெகிதெம்பாவுக்காக.

ராத்திரி முழுக்க ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்பு முன்னால் நின்றுவிட்டு, புருவத்தில் மாவோடு மூன்றாவது பெட்டியில் ஏறுவான். ஜன்னலோரம் சாய்ந்து, இறங்க வேண்டிய உம்லாசி வரைக்கும் தூங்கப் பார்ப்பான். பார்ப்பான், அவ்வளவுதான். அந்தப் பெட்டியில் தினமும் வழிபாடு. நாற்பது பேர் தகரச் சுவரை அறைந்து, தரையை உதைத்து, மணியடித்துப் பாடுவார்கள். அதில் பிணம்கூடத் தூங்காது.

நேற்று அவன் பக்கத்து ஆளிடம் சொன்னது லிண்டெல்வாவின் காதில் விழுந்தது.

"முடியலண்ணே. நாளைக்கு ஒரு நாள் பாப்பேன். அப்புறம் நான் ஏழாவது பெட்டிக்குப் போயிருவேன்."

அவளால் மூன்றாவது பெட்டியை விட்டு நகர முடியாது. அவன் போனால் போனதுதான். இரண்டு மாதமாகத் தினம் அரை மணி நேரம் கிடைத்துவந்த அந்த மாவுப் புருவம், அந்தக் கொட்டாவி, எல்லாம் ஏழாவது பெட்டிக்காரர்களுக்குப் போய்விடும். அவனிடம் அவள் இதுவரை பேசியதே "கொஞ்சம் கால நகத்துங்க" என்ற ஒன்றுதான். ஆனாலும் நேற்று முழுக்க சோறு இறங்கவில்லை.

செலே பெரிய ஹெட்போன் ஒன்றை எடுத்து நீட்டினார். இதை மாட்டிக்கொண்டு ஜன்னலில் எப்படித் தலை சாய்ப்பது? வேண்டாம். அடுத்து பேட்டரியில் ஓடுகிற ஒன்று வந்தது.

"இது வண்டி இரைச்சல சுத்தமா அமுக்கிரும் தங்கச்சி. மனுசக் குரல் மட்டும் கொஞ்சம் உள்ள வரும்."

"வண்டி கெடக்குது, பாவம். அந்தப் பொம்பளை குரல்தாண்ணே அடங்கணும்."

"எந்தப் பொம்பளை?"

"முன்னால நின்னு பாடுறவ. அவ வாயத் தொறந்தா பெட்டி ரெண்டாப் பொளந்துரும்."

செலேவுக்கு அவள்மேல் இரக்கமாக இருந்தது. "நேரா மூஞ்சிக்கு முன்னால போயி, வாய மூடுடின்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னாக் கேக்குற ஜென்மம் இல்லண்ணே அது" என்று லிண்டெல்வா விழுந்து விழுந்து சிரித்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறதென்று அவருக்குப் புரியவில்லை.

இன்னும் ஐந்து நிமிடம்.

கடைசியில் அடிப்பெட்டியிலிருந்து அது வந்தது. முனையில் ரப்பருக்குப் பதில் பஞ்சு. விரலால் நசுக்கிக் காதுக்குள் விட்டு, அது உள்ளே உப்பி அடைக்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு கையைக் காட்டினாள்.

செலே கூச்சத்தையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு அடிவயிற்றிலிருந்து அலறினார். போதாதென்று பக்கத்துப் பணியாரக்காரியின் சட்டி மூடியை வாங்கித் தட்டினார். ஒரு நாய் ஓடியது. லிண்டெல்வாவுக்கு அவர் வாய் திறந்து மூடுவது மட்டும் தெரிந்தது.

அவள் நின்ற இடத்திலேயே குதித்தாள். காசைப் பலகையில் வைத்துவிட்டு ஒரே ஓட்டம்.

மூன்றாவது பெட்டி. ஜன்னலோரம். மாவு. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன.

டப்பாவை அவன் மடியில் வைத்தாள். "பஞ்ச நல்லா நசுக்கி உள்ள விடுங்க. அது உப்புற வரைக்கும் பொறுங்க. அப்புறம் உம்லாசியிலதான் முழிப்பீங்க" என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

பெகிதெம்பா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தான். தூக்கத்துக்கு ஏங்கிச் சிவந்த கண்ணில் சிரிப்பு வந்தது.

"அப்போ, கொஞ்சம் மெதுவாப் பாடுற உத்தேசமே உங்களுக்கு இல்ல?"

சத்தியமாக, அப்படி ஒரு வழி இருப்பது இந்த நிமிடம்வரை அவளுக்குத் தோன்றவே இல்லை.

"இல்ல" என்றாள்.

அவன் தலையை ஆட்டிக்கொண்டு பஞ்சை நசுக்கினான்.

வண்டி நகர்ந்தது. பெட்டி நடுவில் நாற்பது பேரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள். போய் நின்றாள். உள்ளங்கையால் தகரச் சுவரை ஓங்கி அறைந்து பாட்டின் முதல் அடியை எடுத்தாள். பெட்டி அதிர்ந்தது.

இரண்டாவது பாட்டு முடிவதற்குள் அவன் வாயைப் பிளந்து தூங்கியிருந்தான், அதே இடத்தில்.

ஆண்டவரே, இன்னைக்கு உமக்கு மட்டும் கேட்டாப் போதும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டு, லிண்டெல்வா இன்னும் ஒரு கட்டை ஏற்றிப் பாடினாள்.