கருகின சோளம்

ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டே மேகலா அக்கா சொன்னாள்: "தோத்தவ கருகின சோளம்தான் திங்கணும்டி, ஞாபகம் இருக்கட்டும்." மலை ஏரியைச் சுற்றிவரும் பாதை சுலபமானது. வருஷாவருஷம் சோளக்கடையிலிருந்து அவள் இடப்பக்கமும் நான் வலப்பக்கமுமாகக் கிளம்பி, எதிரெதிரே சந்திக்கும்போது கையில் கை அறைந்துவிட்டு விலகுவோம். அன்று பாதித் தூரத்தில் இருக்கும் மரப்பாலத்தை நான் தாண்டிய பிறகுதான் அவள் எதிரே வந்தாள். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக நான் முந்தியிருந்தேன்!

"என்னக்கா, ஆமையா கூட்டிட்டு வந்துச்சு?"

"போடி, பூ பாத்துட்டு நின்னுட்டேன்" என்று சிரித்து, மூச்சு வாங்க என் கையில் ஓங்கி அறைந்தாள்.

மிச்சத் தூரத்தை ஓடியே கடந்தேன். "அக்காவுக்கு நல்லாக் கருக்கி வாட்டுங்கம்மா!" என்று கடைக்காரம்மாவிடம் தூரத்திலிருந்தே கத்தினேன்.

சோளம் ஆறிப்போனது. பாலத்துக்கு அப்பால், பைன் மரத்தடியில் இளைப்பாற உட்கார்ந்த அக்கா அப்படியே இறந்துபோயிருந்தாள்.

இந்த வருஷம் அவளுடைய பக்கமாகக் கிளம்பினேன். பூக்களைப் பார்க்க நின்றேன். பைன் மரத்தைத் தாண்டி, அவள் விட்டுப்போன தூரத்தையும் வேகவேகமாக நடந்தேன். எந்தப் பக்கமாகச் சுற்றினாலும் கடைசியில் அந்தச் சோளக்கடைதான் வருகிறது.