வீரசிங்கத்தின் கேள்விகள்

வீரசிங்கத்தின் கை மறுபடியும் மேலே போனது.

"இந்த மனுஷன் விடமாட்டார் போல" என்று பஸ்மியாவின் காதுக்குள் சொல்லிப் பல்லைக் கடித்தாள் பக்கத்தில் இருந்த ஜெஸ்மின். "எல்லாம் பொறாமை ராத்தா. தலைவர் கதிரை தனக்குத்தான் எண்டு இருந்தவர்."

பஸ்மியாவுக்கும் அப்படித்தான் பட்டது. இல்லாவிட்டால், உபதலைவராக இருக்கிற மனுஷன் இப்படியா குடைவார்?

தடித்த புத்தகங்களின் கடைசியில், எந்தச் சங்கதி எந்தப் பக்கத்தில் என்று தேடிப் பார்க்கிறோமே, அந்த அடைவைப் போட்டுக் கொடுக்கிற ஆட்களின் சங்கம் அது. துறைமுகத்தை அண்டிய ஓர்ஸ் ஹில்லில் ஒரு மேல்மாடி மண்டபத்தில் பொதுக்கூட்டம். கொம்பியூட்டர் வந்ததோடு வேலை வற்றிப்போய், சங்கம் சேடம் இழுத்துக்கொண்டிருந்தது. தலைமைக்குப் பெயர் கொடுத்தவள் பஸ்மியா ஒருத்திதான். அவளுடைய திட்டத்தைச் சபை ஏற்றால் அவள் தலைவி. ஏற்காவிட்டால் சங்கத்தைக் கலைப்பது. அதுவும் இரகசிய வாக்கு.

"கேளுங்க சேர்" என்றாள் பஸ்மியா.

"கொம்பியூட்டர் ஒரு நிமிசத்தில அடைவு போட்டுத் தருது. பிறகு என்னத்துக்கு நாங்கள்?"

"தரும் சேர். ஆனா கடலோரச் சல்லிக் கிராமத்துச் சனம் 'கடல் வந்த அண்டு' எண்டுதான் கதைக்கும். சுனாமி எண்டு தேடுற ஆளுக்கு அந்தப் பக்கத்தை மெசின் காட்டாம விட்டா? நாங்க விடமாட்டம். மெசினும் வேணும், அதுக்கு மேல எங்கட கண்ணும் வேணும். திட்டத்தில அதைத்தான் எழுதியிருக்கன்."

இரண்டு மூன்று தலைகள் ஆடின. வீரசிங்கம் அமர்ந்தாரா? இல்லை.

"அடைவு போட்டவரின்ர பேரைப் புத்தகத்தில அடிக்கச் சொல்லிக் கேட்கப் போறீங்களாம். பதிப்பகக்காரர் கோவிச்சுக்கொண்டு போனால்?"

"போகட்டும் சேர்! அட்டைப்படம் கீறினவர்ட பேர் இருக்கி. அச்சடிச்ச பிரசின்ட பேர் இருக்கி. ஊராற்ற பேருக்கெல்லாம் பக்கம் தேடிக் குடுக்கிற எங்கட பேருக்கு ஒரு பக்கம் இல்லையா?"

படபடவென்று கைதட்டல். பஸ்மியாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஊதியது. அதற்கும் மனுஷன் அசையவில்லை.

"நீங்கள் தலைவியா வந்தால் சங்கக் கந்தோரை உங்கட ஊர் கிண்ணியாவுக்குக் கொண்டு போயிடுவீங்களோ?"

எல்லாரும் குனிந்து கால் விரலைப் பார்த்தார்கள். 'சீ, இதையும் கேட்கிறாரே' என்று யாரோ முணுமுணுத்தது கேட்டது.

பஸ்மியாவுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் சிரித்தாள்.

"ரெண்டு ஊருக்கும் நடுவில பாலம் போட்டதுக்குப் பிறகும் இந்தப் பயமா சேர்? கந்தோர் இஞ்சதான் இருக்கும். நான்தான் பஸ்ஸில வந்து போவன். பஸ் வராட்டி எங்கட அவர்ட மோட்டச்சைக்கிள் இருக்கி. அதுவும் ஸ்டார்ட் வராட்டி, ஒங்களத்தான் ஏத்திக்கொண்டு வரச் சொல்லுவன்."

மண்டபமே சிரித்தது. வீரசிங்கம் மட்டும் சிரிக்கவில்லை.

"கடைசிக் கேள்வி. வீடு, பிள்ளையள் எல்லாத்தையும் வைச்சுக்கொண்டு, கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் ஓட ஒரு பொம்பிளையால ஏலுமோ?"

வந்ததே கோபம் பஸ்மியாவுக்கு!

"இதுக்கு முதல் இருந்த தலைவர்மார் எல்லாரும் ஆம்பிளைகள்தான். அவங்கள்ல ஒருத்தரிட்டயாவது, பிள்ளையை ஆர் பாக்கிற எண்டு இந்தச் சபை கேட்டதா சேர்? கேட்டிருந்தாச் சொல்லுங்க, நான் இப்பவே பேரை எடுக்கிறன்!"

பெண்கள் எழுந்து நின்றே தட்டினார்கள். பின்னால் இருந்த ஆண்களும் தட்டினார்கள். வீரசிங்கம் போய்க் கதிரையில் அமர்ந்தார்.

"நல்லா வேணும்" என்றாள் ஜெஸ்மின்.

வாக்கெடுப்பு முடிந்தது. செயலாளர் ஜவ்பர் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு தாளாக விரித்தார். விரிக்க விரிக்க அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"திட்டம் ஏற்கப்பட்டது! எதிர்ப்பு ஒண்டுகூட இல்லை!"

"அல்ஹம்துலில்லாஹ்!" பஸ்மியாவின் கண் நிறைந்துவிட்டது. சங்கம் பிழைத்துக்கொண்டது! யார் யாரோ கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கேக் வந்தது. மாலை வாங்க ஓடினார்கள்.

அந்த ஆரவாரத்துக்குள்தான் அவளுக்கு உறைத்தது. எதிர்ப்பு ஒன்றுகூட இல்லையென்றால்?

வீரசிங்கம் படியடியில் தனியாகச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அவரைத் தேநீருக்குக்கூட ஒருவரும் கூப்பிடவில்லை.

"சேர், நீங்களும் எனக்குத்தானா போட்டீங்க?"

"ஓம்."

"பிறகு ஏன் சேர் சபைக்கு முன்னால வைச்சு என்னை அந்த அறுவை அறுத்தீங்க?"

"அதில ஒண்டும் என்ர கேள்வி இல்லை, பஸ்மியா. கூட்டத்துக்கு முன்னம் எங்கட சங்கத்து ஆக்கள் கீழ தேத்தண்ணிக் கடையில இருந்து கதைச்சவை. நான் கேட்டுக்கொண்டு நிண்டனான். உங்கட முகத்துக்கு நேர ஒருத்தரும் கேட்கமாட்டினம். வாயை மூடிக்கொண்டு வந்து, எதிர்த்துப் போட்டுட்டுப் போயிருப்பினம். கேட்காத கேள்விக்கு நீங்கள் எப்பிடிப் பதில் சொல்லுறது? அதுதான் நான் கேட்டனான்."

பழியை எல்லாம் தன் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிற இந்த மனுஷனையா, இவ்வளவு நேரமும் மனதுக்குள் திட்டித் தீர்த்தாள்?

"அப்பிடிக் கதைச்சது ஆர் சேர்?"

வீரசிங்கம் அவளுக்குப் பின்னால் கண்ணைக் காட்டினார்.

"அந்தா, மாலையோட வரினம்."